யாரும் வழங்காத பட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தேசியச் சாம்பியன் என்னும் பட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பேசப்பட்டு வந்தபோதிலும், அதை வழங்குவதற்கென்று ஒரு போட்டித் தொடரோ, வழங்கும் உரிமை பெற்ற ஒரு கழகமோ அந்நாட்டில் நெடுங்காலம் இருந்ததில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு வாய்த்த எட்டு, பத்து எதிரணிகளுடன் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் மோதிவிட்டு நவம்பர் முடிவில் ஆட்டத்தைக் கட்டி வைத்துவிடும். அவற்றுள் எது முதன்மையானது என்பதைப் பத்திரிகையாளர்களும், பழைய ஆட்டக்காரர்களும், பின்னாளில் வாய்பாடு வகுத்த பேராசிரியர்களும் தத்தம் போக்கில் தீர்மானித்தார்கள். 1924ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிக்குக் கிடைத்த பட்டமும் அவ்வகையைச் சேர்ந்ததே. பத்து ஆட்டங்கள் ஆடிப் பத்திலும் வென்று, 285 புள்ளிகள் ஈட்டி, 54 புள்ளிகளை மட்டுமே எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த அந்த அணியின் வெற்றியில் ஐயமில்லை; ஆனால் அந்த வெற்றி பட்டமாக மாறியதில் ரயில் பெட்டிகளுக்கும், அச்சுக்கூடங்களுக்கும், ஒரு நிழற்படத்துக்கும் உள்ள பங்கு களத்தில் ஓடிய கால்களின் பங்குக்குக் குறைந்ததன்று.

தமிழில் கால்பந்து என்றவுடன் மனத்தில் எழும் ஆட்டம் வேறு. இங்குப் பேசப்படும் அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. ரக்பியிலிருந்து கிளைத்த இந்த ஆட்டத்தில், இரு முனையும் குவிந்த நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, தோழன் ஒருவனுக்கு எறிந்தோ எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பதே நோக்கம். ஓர் அணிக்குப் பதினொருவர். களம் 100 கெஜ நீளம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு, அவற்றுக்குள் பத்துக் கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு கிடைக்கும், இல்லையேல் பந்து கைமாறும். எல்லையைக் கடப்பது டச்டவுன் எனப்படும். அதற்கு ஆறு புள்ளிகள், அதைத் தொடரும் கூடுதல் முயற்சிக்கு அக்காலத்தில் ஒன்று, எல்லையைக் கடக்காமல் தொலைவிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று. பந்தேந்தி வருபவரைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது, கபடியில் பாடி வருபவரை மடக்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிதில் விளங்கும். முன்வரிசையில் எழுவர் தோளோடு தோள் நின்று எதிரணியைத் தள்ளி வழி திறப்பார்கள். பின்னே நிற்கும் நால்வர் அந்த வழியில் பந்தோடு பாய்வார்கள். பின்வரிசை நால்வருக்குக் கைதட்டலும் முன்வரிசை எழுவருக்குக் காயங்களும் கிடைப்பது இந்த ஆட்டத்தின் பழைய ஏற்பாடு.

தொடக்கக் காலத்தில் பந்தைக் கையால் முன்னோக்கி எறிவதற்கு அனுமதி இல்லாததால், ஆட்டம் ஒரே இடத்தில் உடல்கள் குவியும் மோதலாகவே இருந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பதினெட்டுப் பேர் உயிரிழந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்குக் காட்டின. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. 1906இல் முன்னெறிதல் சட்டமாயிற்று. பெரிய கல்லூரிகள் பல அதை வலிமையற்றவர்களின் தந்திரமாகக் கருதி ஒதுக்கிய வேளையில், 1913இல் நோட்டர் டேம் அணி வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குச் சென்று, எறிதலை முதன்மை ஆயுதமாகக் கொண்டு, அன்று நாட்டின் வலுவான அணிகளில் ஒன்றாகிய ராணுவ அணியை 35-13 என்ற கணக்கில் வீழ்த்தியது. அன்று எறிந்தவர் கஸ் டோராய்ஸ். ஓடிச்சென்று பிடித்தவர் நூட் ராக்னி. பதினோராண்டுகளுக்குப் பின் அதே ராக்னிதான் அணியின் பயிற்சியாளர்.

நோட்டர் டேம் என்பது பிரெஞ்சு மொழியில் ‘நம் அன்னை’ என்று பொருள்படும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் மாதா என்று அழைக்கும் மரியாளின் பெயரே அது. 1842இல் எட்வர்ட் சோரின் என்னும் பிரெஞ்சுக் குருவானவர், திருச்சிலுவைச் சபையின் சார்பில், சவுத் பெண்ட் என்னும் ஊரை ஒட்டி இந்தக் கல்லூரியைத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்திருந்த மேற்குக் கூட்டமைப்பில், இன்று பிக் டென் எனப்படுவதில், இடம் கேட்டு நோட்டர் டேம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை விண்ணப்பித்தும் ஏற்கப்படவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆட்டக்காரர்களின் தகுதி பற்றிய தகராறில் 1910இல் நடக்கவிருந்த ஆட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் இரு அணிகளும் 1942 வரை மோதவே இல்லை. இந்த விலக்கத்துக்கு ஆட்ட விதிகள் மட்டுமே காரணமா, கத்தோலிக்கர் மீதான வெறுப்பும் கலந்திருந்ததா என்பதில் ஆய்வாளர்கள் இருவேறாகப் பேசுகிறார்கள். இரண்டும் கலந்திருந்தன என்று கொள்வதே பொருத்தம்.

அண்டை வீட்டார் கதவை அடைத்ததன் விளைவு எதிர்பாராதது. ஆட்டம் வேண்டுமானால் தொலைவுக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயத்தில் நோட்டர் டேம் ரயிலேறியது. கிழக்கே நியூயார்க், மேற்கே நெப்ராஸ்கா, தெற்கே ஜார்ஜியா என அணி அலைந்ததைக் கண்ட செய்தியாளர்கள் அதற்கு ‘நாடோடிகள்’ என்று பெயரிட்டனர். அணிக்கு இன்று வழங்கும் ‘போராடும் ஐரிஷ்காரர்கள்’ என்ற பெயர் 1927இல்தான் பல்கலைக்கழகத்தால் முறையாக ஏற்கப்பட்டது. நாடோடி என்ற சொல்லில் ஏளனம் இருந்தபோதிலும், அந்த அலைச்சலால் விளைந்த பயன் பெரிது: மற்ற அணிகளுக்குத் தத்தம் மாநிலத்தில் மட்டுமே ஆதரவாளர்கள் இருந்த காலத்தில், நோட்டர் டேமுக்கு ரயில் நின்ற ஊரெல்லாம் ஆதரவாளர்கள் சேர்ந்தார்கள். குறிப்பாக நியூயார்க்கில், அந்தக் கல்லூரியின் வாசலைக்கூட மிதித்திராத ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகளின் பிள்ளைகள் அதைத் தங்கள் அணியாக வரித்துக்கொண்டனர். நகரின் சுரங்க ரயிலில் ஏறி ஆட்டம் பார்க்க வரும் அவர்களுக்குச் ‘சுரங்க ரயில் முன்னாள் மாணவர்கள்’ என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது.

இந்தப் பற்றின் ஆழத்தை உணர 1924ஆம் ஆண்டின் சூழலை நோக்க வேண்டும். கறுப்பின மக்களை ஒடுக்குவதற்கென்று அமெரிக்கத் தெற்கில் தோன்றிய கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையங்கிக் கூட்டம், 1920களில் மீண்டெழுந்தபோது கத்தோலிக்கர், யூதர், புதுக் குடியேறிகள் ஆகியோரையும் பகையாகக் கொண்டு வடமாநிலங்களுக்குப் பரவியிருந்தது. அது மிகத் தழைத்த மாநிலங்களுள் ஒன்று இந்தியானா. அம்மாநிலத்தில் அதன் தலைவனாகிய டி. சி. ஸ்டீபன்சன், கத்தோலிக்கக் கல்விக்கூடத்தின் வாசலிலேயே பலத்தைக் காட்டும் நோக்கில் மே 17 அன்று சவுத் பெண்டில் பேரணி கூட்டினான். ரயிலிலிருந்து இறங்கிய கிளான் ஆட்களை மாணவர்கள் எதிர்கொண்டு, அங்கிகளையும் முகமூடிகளையும் பறித்துக் கிழித்தார்கள். கிளான் அலுவலகத்தின் மாடி ஜன்னலில் சிவப்பு மின்விளக்குகளால் அமைந்த சிலுவை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த மளிகைக் கடையின் உருளைக்கிழங்குகளை எடுத்து எறிந்து மாணவர்கள் அந்த விளக்குகளை உடைத்தனர். எவர் எறிந்தும் எட்டாமல் உச்சியில் தப்பி நின்ற கடைசி விளக்கை, அணியின் குவார்ட்டர்பேக்காகிய ஹாரி ஸ்டூல்ட்ரேயர் குறிவைத்து வீழ்த்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆட்டத்தில் பந்தெறியும் பொறுப்பு குவார்ட்டர்பேக்கினுடையது என்பதால் இந்தக் கதை தானாகவே முளைத்திருக்கவும் கூடும். இரண்டு நாள் கழித்து மீண்டும் கைகலப்பு மூண்டபோது, பல்கலைக்கழகத் தலைவர் மாத்யூ வால்ஷ் அடிகளார் நீதிமன்ற வளாகத்தில் கூடிய மாணவர்களிடையே பேசி அவர்களை அமைதியாகத் திரும்ப வைத்தார். அடுத்த வாரமே, மே 26 அன்று, தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வருவோரின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைக்கும் குடியேற்றச் சட்டத்தில் அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்டார். வீதியில் அங்கியும் தலைநகரில் சட்டமும் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டு அது.

இவ்வளவுக்கும் நடுவே, கத்தோலிக்கரின் பெருமிதமாக விளங்கிய அணியின் பயிற்சியாளர் அப்போது கத்தோலிக்கர் அல்லர். 1888இல் நார்வே நாட்டின் வோஸ் என்னும் ஊரில் பிறந்து, ஐந்து வயதில் சிகாகோவுக்கு வந்த ராக்னி, லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர். அவர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றது 1925 நவம்பரில்தான். வேலை பார்த்துப் பணம் சேர்த்து, பிறரைவிட வயது முதிர்ந்த நிலையில் கல்லூரியில் நுழைந்து, வேதியியலில் தேர்ந்து, அத்துறையிலேயே உதவியாளராகப் பாடம் நடத்திக்கொண்டு பயிற்சியாளரானவர். வழுக்கைத் தலையும் அமுங்கிய மூக்கும் கொண்ட அந்த மனிதருக்குச் செய்தியாளர்களை எப்படி நடத்துவது என்பது, ஆட்டக்காரர்களை எப்படி நடத்துவது என்பதற்கு இணையாகத் தெரிந்திருந்தது. விளம்பர வேலைக்கென்று மாணவர் ஒருவரை ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொள்ளும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தியிருந்தார். 1924இல் அந்தப் பொறுப்பு ஜார்ஜ் ஸ்டிரிக்லர் என்னும் இளைஞருடையது.

ராக்னியின் ஆட்டமுறை விரைவை நம்பியது. அவருடைய பின்வரிசை நால்வரில் ஸ்டூல்ட்ரேயரின் எடை 69 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஜிம் கிரவுலி, டான் மில்லர், எல்மர் லேடன் ஆகிய மூவரும் 73 கிலோ அளவினர். இன்றைய கல்லூரி அணியில் இந்த உடலமைப்புடன் உதைப்பவர் இடம் கிடைத்தாலே பெரிது. இவர்களைக் கொண்டு அவர் ஆடியது ‘நோட்டர் டேம் இடமாற்றம்’ எனப்பட்ட உத்தி: பின்வரிசையினர் முதலில் ஆங்கில எழுத்தாகிய ‘டி’யின் வடிவில் நிற்பார்கள், சைகை கிடைத்ததும் நால்வரும் தாளம் தப்பாத ஒரே துள்ளலில் ஒரு பக்கம் நகர்ந்து சதுரமாக அமைவார்கள், அந்த நகர்வின் வேகம் தணிவதற்குள் நடு ஆட்டக்காரர் பந்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார். எதிரணி தன் நிலையைத் திருத்திக்கொள்வதற்குள் நால்வரும் ஓட்டத்தில் இருப்பார்கள். இந்த உத்தி ராக்னியின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அவருக்கு முன் பயிற்சியாளராக இருந்த ஜெஸ்ஸி ஹார்ப்பரிடமிருந்தும், ஹார்ப்பரின் ஆசானாகிய சிகாகோவின் அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கிடமிருந்தும் வந்தது. ராக்னி அதைச் சலிப்பின்றிப் பழக்கினார். பின்னாளில் விதி வகுப்போர், இடம் மாறியபின் ஒரு நொடி முழுதும் அசையாமல் நின்றாக வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று என்பதே அதன் வலிமைக்குச் சான்று.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அக்கால விதிப்படி களத்தைவிட்டு வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் உடனே திரும்பி வர இயலாது. தாக்குதலையும் தற்காப்பையும் ஒரே பதினொருவர்தாம் ஆட வேண்டும். ஆகவே ராக்னி, இரண்டாம் தர அணியை முதலில் இறக்கி, எதிரணியின் புதுவேகத்தை அவர்கள் தாங்கியபின் முதல் தர அணியை அனுப்புவார். முதலில் இறங்குவோருக்கு ‘அதிர்ச்சிப் படை’ என்று பெயர். முதல் உலகப் போரிலிருந்து வந்த சொல் அது. எதிரணியினர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் வேளையில் ஸ்டூல்ட்ரேயரும் மற்ற மூவரும் நிதானமாக மேலங்கியைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது, ஆட்டத்தின் பாதி வேலையைச் செய்துவிடும்.

பருவம் அக்டோபர் 4 அன்று தொடங்கியது. லொம்பார்ட், வாபாஷ் என்னும் இரு சிறிய கல்லூரிகள் முறையே 40-0, 34-0 என்ற கணக்கில் தோற்றன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 18 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில், ராணுவ அணியுடன். ஏறத்தாழ 55,000 பேர் கூடினார்கள். இரண்டாம் கால்பகுதியில் லேடனும் மூன்றாம் கால்பகுதியில் கிரவுலியும் எல்லையைக் கடந்தனர். கடைசிப் பகுதியில் ராணுவம் ஒரு டச்டவுனைத் திருப்பியது. அணித்தலைவரும் முன்வரிசையின் நடு ஆட்டக்காரருமான ஆடம் வால்ஷ் கை எலும்புகள் முறிந்த நிலையிலும் களத்தைவிட்டு அகலவில்லை. முடிவு 13-7. நெருக்கமான நல்ல ஆட்டம். அதைவிட அதிகமாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அதே நாளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச், மிச்சிகன் அணிக்கு எதிராக முதல் பன்னிரண்டு நிமிடங்களில் நான்கு நெடிய ஓட்டங்களால் நான்கு டச்டவுன்களை எடுத்திருந்தார். ஆட்டத்தின் அருமையை மட்டும் வைத்துப் பார்த்தால், மறுநாள் செய்தித்தாள்களில் நிலைத்திருக்க வேண்டியது கிரேஞ்சின் சாதனைதான்.

நியூயார்க் அரங்கின் செய்தியாளர் மாடத்தில் கிராண்ட்லாண்ட் ரைஸ் அமர்ந்திருந்ததே வேறுபாட்டை உண்டாக்கியது. நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் இதழுக்கு எழுதிய அவருடைய கட்டுரைகள் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்களில் மறுபதிப்பாகும் ஏற்பாடு இருந்தது. விளம்பர மாணவர் ஸ்டிரிக்லர் சில நாட்களுக்கு முன் ருடால்ஃப் வாலண்டினோ நடித்த ஒரு மௌனப்படத்தைப் பார்த்திருந்தார். ஸ்பானிய நாவலாசிரியர் விசென்டே பிளாஸ்கோ இபானியெஸின் நாவலைத் தழுவி 1921இல் வெளிவந்த அந்தப் படத்தின் தலைப்பு, விவிலியத்தின் கடைசி நூலாகிய திருவெளிப்பாட்டில் (சீர்திருத்தச் சபையார் வெளிப்படுத்தின விசேஷம் என்பது) வரும் நான்கு குதிரைவீரர்களைக் குறிப்பது. இடைவேளையில் செய்தியாளர்களுடன் பேசிக்கொண்டிருந்த ஸ்டிரிக்லர், நோட்டர் டேமின் நால்வரும் அந்தக் குதிரைவீரர்களைப் போலவே இருக்கிறார்கள் என்று சொன்னார். மறுநாள் ரைஸின் கட்டுரை அந்த ஒப்புமையுடனேயே தொடங்கியது. பஞ்சம், கொள்ளைநோய், அழிவு, சாவு என்று அவர் அடுக்கிய நான்கும் திருவெளிப்பாட்டின் வரிசையோடு சரியாகப் பொருந்துவதில்லை என்பதையும், மாடத்திலிருந்து கீழே நோக்குபவருக்கு, அவர் வருணித்ததுபோல் ஆட்டக்காரர்கள் வானத்தின் பின்னணியில் தெரிய வாய்ப்பில்லை என்பதையும் பிற்காலத்தார் சுட்டிக்காட்டிக் கேலி செய்ததுண்டு. அக்காலத்து வாசகர்களுக்கு இவை உறுத்தவில்லை.

கட்டுரையோடு நின்றிருந்தால் அது ஒரு வாரத்தில் மறைந்திருக்கவும் கூடும். ஸ்டிரிக்லர் ஊருக்குத் தந்தியடித்து நான்கு குதிரைகளை ஏற்பாடு செய்யச் சொன்னார். அணி திரும்பியதும் நால்வரையும் ஆட்ட உடையிலேயே குதிரைமீது ஏற்றி, ஆளுக்கொரு பந்தைக் கையில் கொடுத்து நிழற்படம் எடுக்க வைத்தார். படத்தில் இடமிருந்து வலமாக மில்லர், லேடன், கிரவுலி, ஸ்டூல்ட்ரேயர். குதிரைகள் போர்க்குதிரைகளும் அல்ல, பந்தயக் குதிரைகளும் அல்ல. வாடகைக்குப் பிடித்த சாதாரண உருப்படிகள். அவற்றின்மேல், பழக்கமில்லாதவர்களுக்கே உரிய விறைப்புடன் நால்வரும் அமர்ந்திருக்கிறார்கள். செய்தி நிறுவனங்கள் வழியாக நாடெங்கும் பரவிய அந்தப் படம் 1998இல் அமெரிக்க அஞ்சல் தலையாகவும் வந்தது. நால்வருக்கு இத்தனை புகழ் சேர்ந்ததும் முன்வரிசை எழுவர் தங்களை ‘ஏழு கோவேறு கழுதைகள்’ என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கினர். அணிக்கு யார் முக்கியம் என்று ஒரு நாள் வாக்கெடுத்ததாகவும், கழுதைகள் ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் வென்றதாகவும் சொல்வார்கள்.

அடுத்த வாரம் பிரின்ஸ்டன் 12-0 என்ற கணக்கில் வீழ்ந்தது. நவம்பர் 1 அன்று சவுத் பெண்டுக்கு வந்த ஜார்ஜியா டெக் 34-3 என்ற கணக்கில் தோற்றது. மூன்று நாள் கழித்து நடந்த தேர்தலில் கிளான் ஆதரவு பெற்ற எட் ஜாக்சன் இந்தியானாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சனிக்கிழமை விஸ்கான்சினை அதன் சொந்தக் களத்திலேயே 38-3 என்று நோட்டர் டேம் வென்றது. வாக்குப்பெட்டியிலும் வீதியிலும் இழந்த மதிப்பைச் சனிக்கிழமை தோறும் மீட்டுக்கொள்ளும் உணர்வு கத்தோலிக்கக் குடும்பங்களில் இருந்ததென்று அக்கால வரலாற்றை எழுதுவோர் கருதுவதில் மிகையில்லை.

நவம்பர் 15 அன்று வந்த நெப்ராஸ்கா அணியோடு கணக்கே வேறு. இந்த நால்வர் கல்லூரியில் ஆடிய மூன்று பருவங்களில் நோட்டர் டேம் இரண்டு முறைதான் தோற்றது. 1922இலும் 1923இலும், இரண்டு முறையும் நெப்ராஸ்காவிடம், இரண்டு முறையும் அவர்களுடைய லிங்கன் நகரில். அங்குப் பார்வையாளர் வரிசைகளிலிருந்து எழுந்த சமய வசைகள் ஆட்டக்காரர்களின் நினைவில் இருந்தன. 1925க்குப் பின் பல்கலைக்கழக நிர்வாகம் அந்த அணியுடனான உறவையே முறித்துக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது. இம்முறை ஆட்டம் சவுத் பெண்டின் கார்ட்டியர் களத்தில். அதிர்ச்சிப் படை பந்தை நழுவவிட, நெப்ராஸ்கா முதலில் ஆறு புள்ளி எடுத்தது. அதன்பின் முதல் தர அணி இறங்கியது. நெப்ராஸ்காவுக்கு மேலும் ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. 34-6. பருவம் முழுவதிலும் ராக்னியின் ஆட்கள் மிகத் தெளிவாக ஆடியது அன்றுதான் என்று கொள்ளலாம்.

சிகாகோவில், அப்போதுதான் ஏரிக்கரையில் திறக்கப்பட்டிருந்த, பின்னர் சோல்ஜர் ஃபீல்ட் என்று பெயர்பெற்ற அரங்கில் நார்த்வெஸ்டர்ன் அணி 13-6 வரை நெருங்கி வந்தது. பிட்ஸ்பர்க்கில் கார்னெகி டெக் 19 புள்ளிகள் எடுத்தும் 40 கொடுத்துத் தோற்றது. ஒன்பது ஆட்டங்கள், ஒன்பது வெற்றிகள்.

கலிஃபோர்னியாவின் பசடேனா நகரில் புத்தாண்டு நாளில் நடக்கும் ரோஜா விழாவை ஒட்டி, 1916 முதல் ஆண்டுதோறும் ஒரு கால்பந்தாட்டம் நடந்து வந்தது. கிண்ண வடிவில் 1922இல் கட்டப்பட்ட அரங்கின் பெயரால் அது ரோஸ் பவுல் எனப்பட்டது. அதற்கு நோட்டர் டேம் அழைக்கப்பட்டது, எதிரணி ஸ்டான்ஃபோர்ட். கிறிஸ்துமசுக்கு முன்பே சவுத் பெண்டிலிருந்து புறப்பட்ட அணி நேரே மேற்கே செல்லாமல், நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன், டூசான் என்று தெற்கே சுற்றிக்கொண்டு போயிற்று. பனியிலிருந்து வெயிலுக்கு உடலைப் பழக்குவது சொல்லப்பட்ட காரணம். வழியெங்கும் வரவேற்புகளும் விருந்துகளும் காத்திருந்ததை ராக்னி அறியாதவர் அல்லர்.

1925 ஜனவரி 1 அன்று ஆடப்பட்ட அந்த ஆட்டத்தின் புள்ளி விவரத்தைப் பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுத்தால், வென்றது ஸ்டான்ஃபோர்ட் என்றே எவரும் சொல்வர். அவர்கள் அதிகக் கெஜம் முன்னேறினார்கள், பந்தை அதிக நேரம் வைத்திருந்தார்கள். அவர்களுடைய பின்வரிசையின் ஃபுல்பேக் எர்னி நெவர்ஸ், அப்பருவத்தில் இரு கணுக்கால்களிலும் அடிபட்டுக் கட்டுடன் இருந்தவர், முழு ஆட்டமும் ஆடி 114 கெஜம் ஓடினார். முதலில் மூன்று புள்ளி எடுத்ததும் அவர்களே. ஆனால் நெவர்ஸ் எறிந்த பந்தை லேடன் இடைமறித்துப் பிடித்து 78 கெஜம் ஓடி எல்லையைக் கடந்தார். ஸ்டான்ஃபோர்டின் கை தவறிய உதைபந்து ஒன்றை நோட்டர் டேம் முன்வரிசையின் ஹன்சிங்கர் அள்ளிக்கொண்டு 20 கெஜம் ஓடினார். பின்பாதியில் நெவர்ஸ் எல்லைக் கோட்டின்மேல் பாய்ந்தபோது அவர் அதைத் தொடவில்லை என்று நடுவர் தீர்ப்பளித்தார். தொட்டேன் என்பதே நெவர்ஸின் கட்சி. கடைசியில் மீண்டும் ஓர் எறிதலை லேடன் இடைமறித்து 70 கெஜம் ஓடினார். எட்டு முறை பந்தை எதிரியிடம் கொடுத்த அணி எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் வெல்வது அரிது. 27-10. இந்த வெற்றிக்குப் பின், படிப்பு கெடுகிறது என்ற காரணத்தைக் காட்டி, பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களை நோட்டர் டேம் நிர்வாகம் நிறுத்திவிட்டது. அடுத்த முறை அந்த அணி அத்தகைய ஆட்டத்தில் இறங்கியது 1970 ஜனவரி 1 அன்றுதான்.

நால்வரும் அந்த ஆண்டே படிப்பை முடித்து வெளியேறினர். ஸ்டூல்ட்ரேயர் வில்லநோவாவிலும் விஸ்கான்சினிலும் பயிற்சியாளரானார். ஃபோர்டாமில் பயிற்சியாளரான கிரவுலியிடம் ஆடியவர்களுள் ஒருவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வின்ஸ் லொம்பார்டி. லேடன் ராக்னியின் பதவியிலும் அதன்பின் தொழில்முறைக் கூட்டமைப்பின் ஆணையராகவும் இருந்தார். மில்லர் சட்டம் பயின்று ஓஹையோவில் அரசு வழக்கறிஞரானார். இந்தியானாவின் கிளான் தலைவன் ஸ்டீபன்சன் 1925 நவம்பரில் இளம்பெண் ஒருவரின் கொலை வழக்கில் தண்டனை பெற்றதும், அந்தக் கூட்டம் அம்மாநிலத்தில் சரிந்தது. ராக்னி 1931 மார்ச் 31 அன்று கான்சஸ் மாநிலத்தில் விமான விபத்தில் இறந்தார்.

பட்டம் எப்படி வந்தது என்பது எஞ்சுகிறது. 1924இல் தோல்வியே காணாத அணி நோட்டர் டேம் மட்டுமன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இரண்டு ஆட்டங்களைச் சமன் செய்து, எதிலும் தோற்காமல் முடித்திருந்தது. கால்பந்து வரலாற்றாசிரியரும் பிரின்ஸ்டனின் பழைய ஆட்டக்காரருமான பார்க் டேவிஸ், பின்னாளில் பழைய பருவங்களுக்கெல்லாம் சாம்பியன்களைத் தேர்ந்தெடுத்தபோது, அவ்வாண்டுக்குப் பென்சில்வேனியாவின் பெயரை எழுதினார். நோட்டர் டேமுக்கு முறையான சான்று வழங்கியது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த ஃபிராங்க் டிக்கின்சன் வகுத்த வாய்பாடு. வென்றவற்றை மட்டும் எண்ணாமல், வலுவான அணியை வென்றால் 30 புள்ளி, வலுக்குறைந்த அணியை வென்றால் 20 என்று எடைபோட்டு, சமனுக்கும் தோல்விக்கும் அதற்கேற்ற பங்கு கொடுத்து, மொத்தத்தை ஆட்ட எண்ணிக்கையால் வகுக்கும் முறை அது. ஜாக் ரிஸ்மன் என்னும் சிகாகோ ஆடை வணிகர் அதற்குக் கோப்பை ஒன்றும் அளித்தார். ஆனால் டிக்கின்சனின் வாய்பாடு 1926ஆம் ஆண்டுக்கென்று வகுக்கப்பட்டது. அவ்வாண்டு அதில் முதலிடம் பெற்றது ஸ்டான்ஃபோர்ட். ராக்னி கேட்டுக்கொண்டதன்பேரில் டிக்கின்சன் தம் கணக்கை இரண்டாண்டுகள் பின்னோக்கிப் போட்டார். 1925க்கு டார்ட்மவுத்தும் 1924க்கு நோட்டர் டேமும் வந்தன. மூன்று முறை முதலிடம் பெறும் கல்லூரி கோப்பையை நிலையாக வைத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் நோட்டர் டேம் முதலிடம் பெற்றது. முந்தைய 1924ஐயும் சேர்த்து மூன்றாயிற்று, கோப்பை சவுத் பெண்டிலேயே தங்கிவிட்டது.